தங்கவயலுக்குக் கருவிகள் முன்பே வந்துவிட்டன

1902 ஜூன் 30-ம் தேதி, காவிரியின் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடிவந்து கோலார் தங்கவயலின் சுரங்க இயந்திரங்களைச் சுழற்றியது. அவ்வளவு தூரத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுபோன ஏற்பாடுகள் அன்றைய உலகிலேயே மிகச் சில. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் தொடங்கிவைத்த வேலை அது. முடிவதற்குள், 1901-ல், அவர் காலமாகிவிட்டார். பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்ததே 1905-ல்தான். தலைநகரத்தை முந்திக்கொண்டு புதிய கருவிகள் வந்து இறங்கிய ஊர் தங்கவயல். ஆசிரியர் பயிற்சி பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வரலாற்றை எடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வகுப்பறைக்குள் கணினியும் ஸ்மார்ட் போர்டும் வந்துவிட்டால் மாணவர்கள் தாங்களே தேடிக் கற்பார்கள், ஆசிரியருக்கு அதற்கென்று ஐந்து நாள் பயிற்சி கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கை கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கல்வித் துறைகளை ஆட்டிவைக்கிறது. கருவி கேள்வியைக் கொண்டுவருமா என்ற சோதனை தங்கவயலில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது. அதன் முடிவு, கேள்வி கேட்க யாருக்கு அனுமதி இருந்ததோ அவர்களிடம் மட்டுமே கருவி பயன் தந்தது என்பதுதான்.

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தில் 1880 முதல் வளர்ந்த இந்தச் சுரங்கங்களில் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதித் தமிழர்களே பெரும்பான்மைத் தொழிலாளர்கள். பூமிக்கடியில் பாறையின் குணத்தைக் கையால் தட்டிப் பார்த்தே சொல்லும் அளவுக்கு அவர்கள் வேலை அறிந்தவர்கள். எங்கே கூரை இறங்கும், எந்தப் பக்கம் பாறை வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்ட் அடிக்கும் என்பதை உணர்ந்து விலகுவது உயிர்ப் பிரச்சினை. ஆனால் அந்த அறிவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஏன் அப்படி நடக்கிறது என்று கேட்பது அவர்கள் வேலையாகக் கருதப்படவும் இல்லை. அது மேலே, ஆங்கிலேயப் பொறியாளர்களின் அலுவலகத்தில் நடக்க வேண்டியது. பள்ளிக்கூடமும் அதே வரிசையில்தான் வந்தது. 1901-ல் நந்திதுர்க் சுரங்கத்தில் கம்பெனி திறந்த ஆங்கிலப் பள்ளி ஐரோப்பியப் பிள்ளைகளுக்கானது. 1904 ஜனவரியில் தார்ப் நகர் புனித சூசையப்பர் சபைக் கன்னியர் தொடங்கிய பள்ளி, ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுமிகள் 22 பேருடன் ஆரம்பமானது. சிவசமுத்திரத்து மின்சாரமும் இந்த ஏணியைப் பார்த்துத்தான் ஏறியது: இயந்திரங்களுக்கு, பங்களாக்களுக்கு, கிளப்புக்கு. தொழிலாளர் லைன்களில் இருந்த தட்டி வீடுகளுக்கு அது எட்டுவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

தொழிலாளர்மேல் நேராக வந்து விழுந்த புதிய தொழில்நுட்பம் கைரேகைதான். 1930-ல் ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் எடுத்துப் பதிவுசெய்யக் கம்பெனி முனைந்தபோது சுரங்கங்கள் மூன்று வாரம் அளவில் நின்றுபோயின. திருட்டைத் தடுக்கிறோம் என்று நிர்வாகம் சொல்லலாம். 1897-லிருந்தே அதற்கெனத் தனிச் சுரங்கச் சட்டம் இருந்தது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் இயந்திரங்களுக்குப் பழகாத மனிதர்களும் அல்லர், உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றில் தினமும் இறங்கி ஏறியவர்கள். அவர்கள் மறுத்தது தங்களைக் கேட்காமல் தங்கள்மேல் வைக்கப்பட்ட ஒரு கருவியை. இன்று அரசுப் பள்ளிகளில் பயோமெட்ரிக் வருகைப் பதிவுக்கு ஆசிரியர்கள் முகம் சுளிக்கும்போது, புதுமைக்கு எதிரிகள் என்று அவர்களைத் திட்டுகிறவர்கள் 1930-ஐக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். ஆசிரியருக்கு வந்துசேரும் முதல் கருவி அவரைக் கண்காணிக்கும் கருவியாக இருந்தால், இரண்டாவதாக வரும் கற்பித்தல் கருவியையும் அவர் அதே கண்ணோடுதான் பார்ப்பார்.

இதற்கு நேர் எதிரான காட்சியும் அதே லைன்களில்தான் கிடைக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழுக்குத் தங்கவயலில் உறுதியான வாசகர் கூட்டம் இருந்தது. அங்குள்ள மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை இயங்கியது. சாதி எங்கிருந்து வந்தது, இந்தப் பண்டிகைக்கு மூலம் என்ன, இந்தக் கதையை யார் எழுதினார்கள் என்று வாசகர்கள் கேட்க, பண்டிதர் நிகண்டையும் பழைய நூல்களையும் எடுத்துப் பதில் எழுதுவார். அவர் தந்த சொல்லாராய்ச்சி முடிவுகள் பலவற்றை இன்றைய மொழியியலார் ஏற்கமாட்டார்கள். அது வேறு விஷயம். நமக்கு வேண்டியது முறை. ‘எல்லாரும் சொல்கிறார்கள்’ என்பது சான்றாகாது, எழுத்தைக் காட்டு, காரணத்தைக் காட்டு என்ற பழக்கம் அந்தப் பக்கங்களில் வளர்ந்தது. 1914-ல் பண்டிதர் மறைந்த பின் அவர் எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சிட்டுக் காப்பாற்றியது தங்கவயல் சாம்பியன் ரீஃப்ஸில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை. 1926-ல் ‘தமிழன்’ மீண்டும் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருக்க வெளிவந்தது. அச்சு எந்திரம் ஒன்றைத் தவிர வேறு கருவி இல்லாத இந்த வட்டத்தில், சுரங்கத் தொழிலாளி கேள்வி கேட்கிறவராக இருந்தார். பள்ளிக்கூடம் தராத அந்த இடத்தை அவர்களே கட்டிக்கொண்டார்கள்.

பின்னர் வந்தது நியூட்ரினோ. ஹோமி பாபா அனுப்பி, 1951-ல் இயற்பியலாளர் பி.வி. ஸ்ரீகண்டன் காஸ்மிக் கதிர்களை அளக்கத் தங்கவயல் சுரங்கத்துக்குள் இறங்கினார். மேலிருந்து வரும் மியூவான் துகள்கள் பாறைக்குள் போகப் போக எப்படிக் குறைகின்றன என்பது கேள்வி. 1960-களின் தொடக்கத்தில் எம்.ஜி.கே. மேனனும் அவர் குழுவினரும் ஏறக்குறைய 2,700 மீட்டர் ஆழம்வரை கருவிகளைக் கொண்டுபோனபோது, மாதக்கணக்கில் காத்திருந்தும் எதுவும் பதிவாகவில்லை. இங்கேதான் ஒரு வகுப்பறைக்கும் ஓர் ஆய்வுக்கூடத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. நம் பள்ளி ஆய்வகத்தில் இப்படி நடந்திருந்தால், ‘சோதனை சரியாக வரவில்லை’ என்று சொல்லி, புத்தகத்தில் இருக்கும் எண்ணை ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொல்லியிருப்பார்கள். மேனன் குழுவினர் அந்த வெறுமையையே விடையாக எடுத்துக்கொண்டார்கள்: மற்றத் துகள்களின் இரைச்சல் இல்லாத இந்த ஆழத்தில் ஏதாவது பதிவானால் அது பாறையையும் எளிதாக ஊடுருவும் நியூட்ரினோத் துகளால் வந்ததாக இருக்க வேண்டும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவி அமைத்து, வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தை 1965-ல் கண்டன. அவர்கள் கட்டுரை அந்த ஆகஸ்டு நடுவில் வெளியானது. தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இதே தேடலில் இருந்த ஃபிரெடரிக் ரைன்ஸ் குழுவின் கட்டுரை அதே மாத இறுதியில். உலக அறிவியலில் தங்கவயலின் பெயர் நிலைத்தது அப்படித்தான். சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டான கேஜில் கருவிகளை இறக்கியதும், அந்த வெப்பத்தில் பாதையைத் திறந்துவைத்ததும் சுரங்கத் தொழிலாளர்களின் உழைப்பு. கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் இருப்பவர்கள் இயற்பியலாளர்கள் மட்டுமே. அதே மண்ணுக்கு மேலே இருந்த பள்ளிகளில் அறிவியல் பாடம் எப்போதும்போல மனப்பாடமாகவே நடந்தது. உலகின் முதல் தரமான அறிவியல் கருவி ஓர் ஊரில் இருப்பதால் அந்த ஊரின் வகுப்பறைக்கு எதுவும் தானாகக் கசிந்து வருவதில்லை.

2001 பிப்ரவரி 28-ல், பின்னாளில் இந்தச் சுரங்கங்களை நடத்திய அரசு நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. ஊரின் வேலைவாய்ப்பு மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் பெங்களூர் ரயிலுக்கு மாறியது. பள்ளிக்கூடம் அதற்குப் பின் ஊரைவிட்டு வெளியேறும் டிக்கெட்டாகவே பார்க்கப்பட்டது. கர்நாடக அரசு ஆயிரம் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ‘மாஹிதி சிந்து’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியதும் அதே 2001-ல்தான். கணினிகளை மட்டுமல்ல, அவற்றைக் கற்பிக்கும் ஆட்களையும் தனியார் நிறுவனங்களே கொடுத்தன. அறிவியல் ஆசிரியருக்கும் கணித ஆசிரியருக்கும் கணினி அறையில் வேலை இல்லை. பல பள்ளிகளில் சாவிகூட அவர்களிடம் இருக்காது. ஒப்பந்தம் முடிந்ததும் ஆட்கள் போனார்கள், இயந்திரங்கள் தூசி படிந்தன. கேரளத்தின் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் அதே காலத்தில் பள்ளியின் சொந்த ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்துக் கணினியை அவர்கள் கையில் விட்டதால்தான் நிலைத்து நின்றது. இரண்டு மாநிலங்களும் வாங்கியது ஒரே வகைப் பெட்டி. ஒன்றில் அது பாட ஆசிரியரின் பொறுப்பில் இருந்தது, மற்றதில் குத்தகைதாரரின் பொறுப்பில்.

பயிற்சியே நடக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. செயற்கைக்கோள் தொலைக்காட்சி சோதனையான ‘சைட்’ 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு நடந்தபோது கர்நாடகம் அதன் ஆறு மாநிலங்களில் ஒன்று. ஆயிரக்கணக்கான கிராமத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பித்தலில் 12 நாள் பயிற்சி தொலைக்காட்சி வழியாகவே கொடுக்கப்பட்டது. மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் 1994-ல் கர்நாடகத்துக்கு வந்தபோது முதல் கட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு மாவட்டங்களில் கோலாரும் ஒன்று. தங்கவயல் பள்ளிகளும் அடங்கிய அந்த மாவட்டத்தில் வட்டார வள மையம், தொகுப்பு வள மையம், ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடிப் பேசும் சமாலோசனைக் கூட்டம் எல்லாம் அப்போது உருவாயின. காகிதத்தில் பார்த்தால் அருமையான ஏற்பாடு: ஒரு பாடம் ஏன் எடுபடவில்லை என்று பத்துப் பள்ளி ஆசிரியர்கள் உட்கார்ந்து யோசிக்க ஓர் இடம். நடைமுறையில் கூட்டத்தின் பெரும்பகுதியை மதிய உணவுக் கணக்கும் புள்ளிவிவரப் படிவங்களும் தின்றன. பயிற்சியும் மாநில மையத்தில் சிலருக்கு, அவர்கள் மாவட்டத்தில் சிலருக்கு, அவர்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் என்று படியிறங்கி வந்தது. தகவலை இப்படி இறக்கலாம். கேள்வி கேட்கும் பழக்கத்தை இறக்க முடியாது. மூன்றாம் படியில் நிற்கிறவர் முதல் படியில் நடந்த சந்தேகங்களையும் தடுமாற்றங்களையும் பார்த்ததே இல்லை, அவர் கைக்கு வந்தது முடிந்த முடிவுகளின் கையேடு. ‘மாணவர்களைக் கேள்வி கேட்கத் தூண்டுங்கள்’ என்ற உத்தரவை, கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும்படி ஆசிரியரிடம் சொல்லும் விசித்திரம் அங்கேதான் நிகழ்ந்தது.

மாறாக நடந்த முயற்சிகளும் உண்டு, அவற்றில் இரண்டு தங்கவயலுக்குப் பக்கத்தில்தான் வேர்விட்டன. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் பத்மநாப ராவ் தம்பதியர் ஒரே அறையில் பல வகுப்புகள் நடக்கும் கிராமப் பள்ளிகளுக்காகக் கற்றல் அட்டைகளை உருவாக்கினார்கள். மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவன்கோட்டை ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, 1995 முதல் யுனிசெஃப் உதவியோடு தங்கள் அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள். ‘நலி கலி’ என்ற கற்பித்தல் முறை பிறந்தது இப்படி. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அதிகாரி எம்.பி. விஜயகுமார் தொடங்கிய செயல்வழிக் கற்றலுக்கும் ஊற்று அதே ரிஷிவேலி. ஆனால் தமிழ்நாட்டில் 2007-08-லும் கர்நாடகத்தில் 2009-10-லும் இவை மாநிலம் முழுவதற்கும் கட்டாயமானபோது, ஆசிரியர் எழுதிய அட்டை ஆசிரியருக்கு வழங்கப்படும் அட்டையாக மாறியது. வண்ணம், எண், ஏணிப்படி எல்லாம் இருந்தன. அட்டையை மாற்றி எழுதும் உரிமை போய்விட்டது. தங்கவயலுக்குச் சற்றுத் தெற்கே, ஆந்திர எல்லைக்குள் குப்பம் பகுதியில், ராம்ஜி ராகவன் 1999-ல் நிறுவிய அகஸ்தியா அறக்கட்டளையின் அறிவியல் வளாகம் இருக்கிறது. நடமாடும் ஆய்வக வண்டிகள் எளிய பொருட்களோடு அரசுப் பள்ளிகளுக்குப் போகின்றன. நல்ல வேலை. ஆனாலும் வண்டி போன மறுநாள் வகுப்பில் நிற்கப்போவது அந்தப் பள்ளி ஆசிரியர்தான். 2011-ல் கர்நாடகத்தில் தொடங்கிய பாட ஆசிரியர் கூட்டமைப்பு இதைப் புரிந்துகொண்ட ஒன்று. ஜியோஜீப்ரா போன்ற கட்டற்ற மென்பொருளில் ஆசிரியர்கள் தாங்களே பாடப்பொருளை உருவாக்கி ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டார்கள். முக்கோணத்தின் ஒரு முனையை இழுத்தால் கோணங்களின் கூட்டுத்தொகை மாறுமா என்று ஆசிரியரே முதலில் திரையில் இழுத்துப் பார்த்து வியந்த பிறகு வகுப்புக்குப் போனால், அந்த வகுப்பு வேறு மாதிரி நடக்கும்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, தங்கவயல் பெற்றோர் சொல்வது: எங்கள் பிள்ளைக்கு மதிப்பெண்ணும் ஆங்கிலமும் வேண்டும், பெங்களூரில் வேலை வேண்டும்; தேடிக் கற்பதெல்லாம் வசதியுள்ளவர் வீட்டு விளையாட்டு. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மத்தியப் பிரதேசத்தில் 1972-ல் 16 பள்ளிகளில் தொடங்கி 30 ஆண்டுகள் நடந்த ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தை 2002-ல் அரசு மூடியபோது சொன்ன காரணமும் ஏறக்குறைய இதுதான், பத்தாம் வகுப்புத் தேர்வில் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்பது. 2006-ல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூன்று ஆய்வாளர்கள், அடிப்படை தெரியாத மாணவரை வழிகாட்டாமல் ‘நீயே கண்டுபிடி’ என்று விட்டால் குறைவாகவே கற்கிறார் என்று வாதிட்டார்கள்; அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஹோஷங்காபாத் யாரையும் அப்படி விட்டுவிடவில்லை. ஆசிரியர்களுக்கு மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு மூன்று வாரம் அளவில் பயிற்சி. அந்தப் பயிற்சியில் அவர்கள் மாணவர்களைப் போலவே சோதனை செய்தார்கள், தவறினார்கள், விஞ்ஞானிகளோடு வாதாடினார்கள். மாதந்தோறும் கூடினார்கள். தேர்வையும் மாற்றினார்கள்: புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம், செய்முறையும் உண்டு. மேல் வகுப்பின் பொதுத்தேர்வு மட்டும் பழைய மனப்பாடத் தேர்வாகவே இருந்தது. ஒரு திட்டத்தை அது எதிர்த்து எழுந்த அளவுகோலால் அளந்து மூடிவிட்டு, கேள்வி கேட்பது ஏழைக்கு உதவாது என்று முடிவுகட்டுவது நேர்மையல்ல. ஏழைக்கு உதவாது என்ற சொல்லைத் தங்கவயல் லைன்களில் ‘தமிழன்’ படித்தவர்கள் ஒப்புக்கொண்டிருக்கமாட்டார்கள்.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: ஆசிரியர்களை மாற்றிக்கொண்டிருக்க நேரமில்லை, நல்ல மென்பொருள் நேராக மாணவரிடம் போகட்டும். இதற்கும் ஆதாரம் இருக்கிறது. டெல்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருளைப் பள்ளி நேரத்துக்குப் பின் பயன்படுத்திய மாணவர்கள் கணக்கில் தெளிவாக முன்னேறினார்கள் என்று முரளிதரன், சிங், கனிமியன் 2019-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒவ்வொருவர் நிலைக்கும் ஏற்ற பயிற்சிக் கணக்குகளை இயந்திரம் சலிக்காமல் கொடுக்கும். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் குஜராத்தில் லீ லிண்டன் செய்த ஆய்வில், கணினி நேரம் ஆசிரியரின் வகுப்புக்குப் பதிலாக வந்த இடத்தில் மதிப்பெண் சரிந்தது. வகுப்புக்கு மேலதிகமாக வந்த இடத்தில் பின்தங்கிய மாணவர்களுக்கு உதவியது. 2000-களில் கர்நாடகப் பள்ளிகளில் கணினிவழிக் கற்றலுக்குப் பெரும் முயற்சி எடுத்த அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையும் பின்னர் அந்தப் பாதையைவிட்டு ஆசிரியர் மேம்பாட்டுக்குத் திரும்பியது. பயிற்சிக் கணக்கை இயந்திரத்திடம் விடலாம். ‘எதுவும் பதிவாகவில்லையே, இதற்கு என்ன அர்த்தம்?’ என்று ஒரு மாணவி கேட்கும்போது, அந்தக் கேள்வியைத் தட்டாமல் வாங்கிக்கொள்ள அறையில் ஒருவர் வேண்டும். தானே ஒருமுறையாவது அப்படித் திகைத்து நின்றவராக அவர் இருக்க வேண்டும்.

தங்கவயலுக்கே உரிய இன்னொரு சிக்கல் மொழி. வீட்டில் தமிழ், மாநிலத்தில் கன்னடம், பெற்றோர் விரும்பும் பள்ளியில் ஆங்கிலம். அரசின் பயிற்சிப் பொருள்கள் பெரும்பாலும் கன்னடத்தில். தனியார் ஆங்கிலப் பள்ளி ஆசிரியர்களை அரசுப் பயிற்சி அநேகமாகத் தொடுவதே இல்லை. தமிழ்வழி வகுப்புகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. விடையை எந்த மொழியிலும் மனப்பாடம் செய்யலாம். சந்தேகம் வாயில் வருவது வீட்டு மொழியில்தான். தங்கவயல் குழந்தை தமிழில் கேட்டு, கன்னடத்தில் பேசி, ஆங்கிலத்தில் எழுதலாம் என்று ஓர் ஆசிரியர் அனுமதித்தால் அது எந்த ஸ்மார்ட் போர்டைவிடவும் பெரிய சீர்திருத்தம். அதற்கு அனுமதி தர அந்த ஆசிரியருக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை. மொழி அரசியல் சூடான இந்த ஊரில் எந்தப் பயிற்சிக் கையேடும் இதைத் தொடத் துணியாது என்று நினைக்கிறேன்.

ஆகவே கோலார் மாவட்டத்தில் அடுத்த பயிற்சித் திட்டத்தை வரைகிறவர்களுக்குச் சில கோரிக்கைகள். 1965 சோதனையைத் தங்கவயல் ஆசிரியர்களே தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பாடமாக எழுதட்டும். சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் இன்னும் லைன்களில் இருக்கிறார்கள், கேஜும் பாறையும் எப்படி இருந்தன என்று மாணவர்கள் போய்க் கேட்டு எழுதட்டும். கணினி அறையின் சாவி பாட ஆசிரியரிடம் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, மாதச் சமாலோசனைக் கூட்டத்தில் படிவங்களை வாங்குவதை மாவட்டக் கல்வித் துறை நிறுத்தட்டும்.